பேண்ட் முழுக்க ஒன்றாக வாசித்துப் பதிவதா, ட்ராக் ட்ராக்காகப் பதிவதா?

பேஸ்தம்பி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் 5 பேர்: ட்ரம்ஸ், பேஸ் (நான்), எலக்ட்ரிக் கிட்டார், கீபோர்டு, பாட்டு. சொந்தப் பாட்டு ஆறு தயாராக இருக்கிறது. 16 இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) கையில் இருக்கிறது. ஒத்திகை அறை ஓரளவு பெரியது, அதை ஒட்டி ஒரு சின்ன அறையும் உண்டு.

சிக்கல் என்னவென்றால், ஒரு பாட்டை ஏற்கெனவே ட்ராக் ட்ராக்காகப் பதிந்து பார்த்தோம். க்ளிக் (வேகம் மாறாமல் இருக்கக் காதில் ஒலிக்கும் டிக்-டிக்) வைத்து முதலில் ட்ரம்ஸ், அதன்மேல் பேஸ், அப்புறம் கிட்டார், கீபோர்டு, கடைசியில் குரல். எதிலும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் யாருக்கும் அதை இரண்டாம் முறை போட்டுக் கேட்கத் தோன்றவில்லை. அதே பாட்டை ஒத்திகையில் போனில் பதிந்த ஒரு கோப்பும் இருக்கிறது. சிம்பல் இரைச்சலில் பாட்டு வரியே சரியாகக் கேட்காது. ஆனாலும் எல்லோரும் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

கிட்டாரிஸ்ட் "எல்லோரும் ஒரே அறையில் நின்று வாசித்துவிடலாம்" என்கிறார். ட்ரம்மர் "அப்படிச் செய்தால் பிறகு எதையும் திருத்த முடியாது, தனித்தனியாகத்தான்" என்கிறார். பாடகி இன்னும் எந்தப் பக்கமும் சேரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வால்வுராஜா

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்றாக வாசியுங்கள். பீட்டில்ஸ் முதல் ஆல்பத்தின் 14 பாட்டில் 10 பாட்டு 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவானவை. கையில் இருந்தது இரண்டு ட்ராக் டேப். வாசிக்கத் தெரிந்தவனுக்கு 100 ட்ராக் எதற்கு?

கத்தரிக்கோல்

எந்த இழையிலும் அந்த ஒரு நாள் கதை வந்துவிடுகிறது. கதையின் மீதியையும் சொல்லுங்களேன். அந்த நாளுக்கு முன் அவர்கள் ஹாம்பர்க் கிளப்களில் இரவு இரவாக, மணிக்கணக்கில் வாசித்துத் தேய்ந்தவர்கள். மேடையில் வழக்கமாக வாசித்த பாட்டுகளில் பலவற்றை அன்று அப்படியே வாசித்தார்கள். அந்த நாளிலேயே கைதட்டல் போன்றவற்றை மேலே ஏற்றவும் செய்தார்கள். அதே ஆட்கள் 1967 வந்தபோது நாலு ட்ராக் நிரம்பியதும் அதை இன்னொரு நாலு ட்ராக் மெஷினுக்குச் சுருக்கி நகலெடுத்து, மாதக்கணக்கில் ஒரு ஆல்பத்தைக் கட்டினார்கள். ஆக இரண்டு கட்சிக்கும் அவர்களையே சாட்சிக்குக் கூப்பிடலாம்.

பேஸ்தம்பி, அந்தப் போன் கோப்பை அவ்வளவு நம்பாதீர்கள். போன் தானாகவே சத்தத்தை அமுக்கும். மெல்லியதை ஏற்றும், பெரியதை இறக்கும். அதனால் எல்லாம் ஒட்டிப்போய் ஒரே உடம்பு மாதிரி கேட்கும். போதாததற்கு, அன்று அங்கே இருந்தவர்கள் நீங்கள். அறையிலேயே இல்லாத யாருக்காவது இரண்டையும் போட்டுக் காட்டுங்கள், எது எது என்று சொல்லாமல்.

பேஸ்தம்பி

அதையும் செய்துவிட்டோம். என் அக்காவுக்கும் இன்னும் சில பேருக்கும் போட்டேன். "இதில் சத்தம் நன்றாக இருக்கிறது, ஆனால் பாட்டு அதில்தான் நன்றாக இருக்கிறது" என்று போன் பக்கம் கை காட்டினார்கள்.

ஒலித்தச்சன்

தம்பி, உங்கள் அக்கா சரியாகச் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மல்டிட்ராக், அதாவது ஒவ்வொன்றையும் தனித்தனித் தடத்தில் பதியும் முறை, வருவதற்கு முன் மிக்சிங் என்ற தனிக் கட்டமே கிடையாது. யார் மைக்குக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதுதான் மிக்ஸ். ட்ரம்பெட் பின்னால் போ, பாடகர் ஒரு அடி முன்னால் வா, முடிந்தது. பிறகு கிட்டாரிஸ்ட் லெஸ் பால், தான் வாசித்ததன் மேலேயே வாசித்து அடுக்கும் வேலையைப் பிரபலமாக்கினார். 1957ல் ஆம்பெக்ஸ் என்ற டேப் மெஷின் நிறுவனம் அவருக்காக எட்டு ட்ராக் மெஷின் ஒன்றைச் செய்து கொடுத்தது. அதில் முக்கியம் எட்டு என்ற எண்ணிக்கை இல்லை. பதியும் முனையான ரெக்கார்ட் ஹெட்டிலிருந்தே பழைய ட்ராக்கைக் கேட்க முடிந்தது. சாதாரண மெஷினில் பதிந்ததைக் கேட்கும் பிளேபேக் ஹெட் தள்ளி இருக்கும். அதைக் கேட்டு வாசித்தால் புது ட்ராக் அந்த இடைவெளி அளவுக்குப் பின்தங்கிப் பதிவாகும். அந்த ஒரு வசதிதான் "இன்று ட்ரம்ஸ், நாளை குரல்" என்பதைச் சாத்தியமாக்கியது.

அதாவது மல்டிட்ராக் கொடுத்தது தள்ளிப்போடும் உரிமை. எவ்வளவு சத்தம், எந்த டோன், சோலோ வேண்டுமா வேண்டாமா, எல்லாவற்றையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றாக வாசித்துப் பதிந்தால் பாதி முடிவை வாசிக்கும்போதே எடுத்தாக வேண்டும். எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல மாட்டேன். எந்த முடிவைத் தள்ளிப்போட்டால் பாட்டு கெடும், எதைத் தள்ளிப்போட்டால் பாட்டுக்கு நல்லது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கீபோர்டு சவுண்டைத் தள்ளிப்போடலாம், ஒன்றும் ஆகாது. டெம்போ எங்கே மூச்சு விடுகிறது என்பதைத் தள்ளிப்போட முடியாது. அது 5 பேர் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வாசிக்கும்போது மட்டும் நடக்கிற விஷயம்.

உங்கள் டெமோவில் என்ன நடந்தது என்று பாருங்கள். ட்ரம்மர் க்ளிக்கைக் கேட்டு வாசித்தார். நீங்கள் ட்ரம்மரைக் கேட்டு வாசித்தீர்கள். கிட்டாரிஸ்ட் உங்கள் இருவரையும் கேட்டார். ஆனால் ட்ரம்மர் உங்களில் யாரையும் கேட்கவில்லை. பாடகி கடைசியில் வந்தார், அவருக்காக யாரும் ஒரு இடத்தில்கூட வழிவிடவில்லை. கேட்பது ஒரே திசையில் ஓடியிருக்கிறது. போன் கோப்பில் எல்லோரும் எல்லோரையும் கேட்டிருக்கிறீர்கள். அக்காவுக்குக் கேட்டது அதுதான்.

தாளப்பைத்தியம்

ட்ரம்மர் என்ற முறையில் உங்கள் ட்ரம்மருக்காக ஒரு வார்த்தை. அவர் க்ளிக் கேட்பதில் தப்பே இல்லை. முதலில் ட்ரம்ஸ் என்று போகும்போது அவருக்கு வேறு என்ன துணை இருக்கிறது? வெறும் ஹை-ஹாட் எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டு நாலு நிமிடம் ஆளில்லாத பாட்டை வாசிக்கச் சொன்னால் யாராலும் முடியாது.

ஆனால் க்ளிக் செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டு வையுங்கள். சரணம் 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 பீட்), பல்லவி திரும்பும்போது இயல்பாக 99க்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பீட் 625 மில்லிசெகண்டிலிருந்து 606க்கு வருகிறது, வித்தியாசம் 19 மில்லிசெகண்ட். இதை யாரும் "வேகம் கூடிவிட்டது" என்று கேட்க மாட்டார்கள். பாட்டு எழுந்து நின்றது என்றுதான் உணர்வார்கள். பாட்டு முழுக்க 96ல் கட்டிப்போட்டால் அந்த எழுச்சியைச் சத்தத்தால் ஈடுகட்டப் பார்ப்போம். பல்லவியில் எல்லோரும் ஓங்கி அடிப்பது பாதி இதனால்தான்.

வழிகள் உண்டு. க்ளிக்கை ட்ரம்மர் காதுக்கு மட்டும் கொடுங்கள். அல்லது முதல் நாலு பார் மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். அல்லது ஒத்திகைப் பதிவை வைத்து எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்த்து அதற்கேற்ப க்ளிக் வேகமும் மாறுகிற மாதிரி டெம்போ மேப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி வழி பார்க்கப் பொருத்தமாகத் தெரியும், நடைமுறையில் நான் அதிகம் விரும்புவதில்லை. நேற்றைய ஏற்ற இறக்கத்தை இன்று நகலெடுப்பதாகிவிடும்.

வால்வுராஜா

க்ளிக்கே வேண்டாம் என்பேன். க்ளிக் இல்லாமல் வாசிக்க முடியாதவர்கள் ஸ்டூடியோ பக்கம் வரக் கூடாது.

கத்தரிக்கோல்

இப்படிச் சொல்கிறவர்களின் பாட்டையெல்லாம் எடிட் செய்து கொடுத்தவன் நான். பெயர் சொல்ல மாட்டேன். :)

க்ளிக் இல்லாமல் பதிந்தால், பிறகு ஷேக்கர் லூப் சேர்க்கலாமா, இரண்டாவது பல்லவியை முதல் பல்லவியில் ஒட்டலாமா என்று வந்து நிற்காதீர்கள். ஒட்டுகிற இடத்தில் டெம்போ வேறாக இருக்கும். பாட்டில் சீக்வென்ஸரோ லூப்போ வருவதென்றால் க்ளிக் கட்டாயம். இதில் தத்துவம் ஒன்றும் இல்லை.

இரண்டாங்குரல்

பாடுகிறவர்கள் பக்கம் யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

ட்ரம்ஸ் இருக்கிற அறையில் நின்று பாடினால் என் மைக் ட்ரம்ஸ் மைக் ஆகிவிடும். நான் மெல்லப் பாடும் வரியில் என் குரலைவிட சிம்பல் பெரிதாக இருக்கும். அந்த ட்ராக்குக்குக் கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) போட்டால் குரல் நிற்கும் இடமெல்லாம் சிம்பல் பொங்கும். சுருதி திருத்தும் மென்பொருள் போட்டால் குரலோடு பின்னால் கசிந்த கிட்டாரும் சேர்ந்து நகரும், கேட்கவே விகாரமாக இருக்கும். இதெல்லாம் போக, சத்தத்தை மீறிப் பாட வேண்டும் என்று தொண்டை தானாக இறுகும். வீட்டுக்கு வந்து கேட்டால் பாட்டு முழுக்கக் கத்தியிருப்போம்.

அதற்காகக் கடைசியில் தனியாகப் பாடுவதும் சுகமில்லை. எல்லோரும் வாசித்து முடித்துவிட்ட கட்டடத்துக்குள் நுழைகிற மாதிரி இருக்கும், ஒரு சுவரைக்கூட நகர்த்த முடியாது. ஒரு வரியில் கார்வையை அரை மாத்திரை நீட்ட வேண்டும் என்று தோன்றும். பேண்ட் காத்திருக்காது, ஏற்கெனவே போய்விட்டது.

எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. பேண்ட் வாசிக்கும் அதே நேரத்தில் நான் பக்கத்து அறையில், கதவை மூடிக்கொண்டு, கண்ணாடி வழியாகவோ போன் கேமரா வழியாகவோ ட்ரம்மர் முகம் தெரிகிற மாதிரி நின்று, முழுக் குரலில் பாடுவது. பைலட் (பிறகு மாற்றப்போகும் வழிகாட்டிக் குரல்) தானே என்று முணுமுணுக்கக் கூடாது. முணுமுணுத்தால் பேண்டும் முணுமுணுக்கும். நன்றாக வந்தால் அதுவே இறுதிக் குரல். வராவிட்டால் பிறகு பாடிக்கொள்ளலாம். அப்போதும் அவர்கள் என் மூச்சுக்கு வாசித்த வாசிப்பு கையில் இருக்கும்.

பேஸ்தம்பி

பாடகிக்கு இதைப் படித்துக் காட்டினேன். "அந்தச் சின்ன அறை எனக்கு" என்று உடனே சொல்லிவிட்டார்.

ஆனால் நாங்கள் அந்த அறையைக் கிட்டார் ஆம்ப்புக்காக வைத்திருந்தோம். கிட்டாரிஸ்ட் ஆம்ப் சத்தத்தைக் குறைக்க மாட்டார். டிஐ (ஆம்ப், மைக் இல்லாமல் நேரே இன்டர்ஃபேஸுக்குள் போகும் இணைப்பு) போட்டு ஹெட்போனில் கேளுங்கள் என்றால், பீட்பேக் வராது, கை நகராது என்கிறார். ஆம்ப் பெரிய அறையிலேயே இருந்தால் ட்ரம்ஸ் மைக் எல்லாவற்றிலும் கசியும். இந்தக் கசிவு எவ்வளவு மோசம்?

ஒலித்தச்சன்

கசிவைக் கண்டு பயப்படுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1959ல் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் குழு நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு ஸ்டூடியோவில், ஒரே அறையில் உட்கார்ந்து மூன்று ட்ராக்கில் பதிந்த வாசிப்பில் கசிவு எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்த அறையின் அழகே அதன் வழியாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. கசிவு கெட்டது இல்லை, கெட்ட கசிவுதான் கெட்டது. வேறுபாட்டுக்குக் காரணம் மூன்று.

முதலாவது நேரம். ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். ஒரே ஒலி இரண்டு மைக்குகளுக்கு 34 சென்டிமீட்டர் வித்தியாசத்தில் போய்ச் சேர்ந்து, இரண்டையும் சம அளவில் கலந்தால் 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும். அப்புறம் 1500, 2500 என்று வரிசையாக. பேண்ட் சத்தம் குழாய்க்குள் கேட்பது போல இருக்கிறது என்பார்களே, அது இதுதான். ஆனால் இரண்டாவது மைக்கில் அதே ஒலி 10 டெசிபெல் குறைவாக இருந்தால் அந்த மேடுபள்ளம் இரண்டு மூன்று டெசிபெலுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் மூன்றுக்கு ஒன்று என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு மைக் தன் கருவியிலிருந்து ஒரு அடி தள்ளி இருந்தால், அடுத்த மைக் முதல் மைக்கிலிருந்து குறைந்தது மூன்று அடியாவது தள்ளி இருக்கட்டும். இது சட்டமில்லை, தொடங்கும் இடம்.

இரண்டாவது மைக்கின் காது கேளாத பக்கம். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம் கேட்காது. ஃபிகர்-எய்ட் மைக்குக்கு இரண்டு விலாப் பக்கமும் கேட்காது, அதுவும் கார்டியாய்டின் முதுகைவிடச் சுத்தமாக. பலர் மைக்கைக் கருவியை நோக்கித் திருப்புவதோடு சரி. எதற்கு முதுகு காட்டுகிறது என்று பார்ப்பதே இல்லை. ஒன்றாகப் பதியும்போது பாதி வேலை இந்த இரண்டாவது பார்வைதான்.

மூன்றாவது, பக்கவாட்டில் வரும் ஒலியை அந்த மைக் எப்படிக் கேட்கிறது என்பது. சில மைக்குகள் நேரே வருவதை அழகாக எடுக்கும், பக்கத்தில் வருவதை மந்தமாக, அடைத்த மூக்கோடு எடுக்கும். கசியப் போவது உறுதி என்றால் பக்கவாட்டில் நல்ல காது உள்ள மைக்கைப் போடுங்கள். நிறைய மைக் போடுவதைவிடக் குறைவாகப் போடுவது மேல்.

கிட்டார் ஆம்ப் விஷயம்: பாடகிக்கே அறையைக் கொடுங்கள். ஆம்ப்பைப் பெரிய அறையின் மூலையில், ட்ரம்ஸுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து வையுங்கள். நடுவில் கனத்த மெத்தை இரண்டை நிறுத்துங்கள். மெத்தை மேல் ஸ்தாயியை நன்றாக அடக்கும், கீழ் ஸ்தாயியைக் கண்டுகொள்ளாது, அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். அதோடு கிட்டாரிலிருந்து ஒரு டிஐ கோட்டையும் தனியாகப் பதிந்து வையுங்கள். ஆம்ப் டோன் பிடிக்காவிட்டால் பிறகு அந்தக் கோட்டை மறுபடி ஆம்ப்புக்குள் அனுப்பிப் பதியலாம். பேஸ் டிஐ மட்டும், அறையில் பேஸ் ஆம்ப் வேண்டாம். அறையைச் சகதியாக்குவதில் முதல் குற்றவாளி அதுதான். கீபோர்டும் நேரே உள்ளே.

ட்ரம்ஸுக்கு எட்டு மைக் வைக்காதீர்கள். மேலே இரண்டு, கிக்குக்கு ஒன்று, வேண்டுமானால் ஸ்நேருக்கு ஒன்று. மேலே உள்ள இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணளவு போதாது, நூலால் அளந்து வையுங்கள். இந்த முறையை ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் பெயரால் சொல்வார்கள்.

நாலுதந்தி

ஹெட்போன் விஷயத்தை யாரும் தொடவில்லையே. ஒன்றாக வாசிப்பதில் பாதி தோல்வி ஹெட்போனில்தான். 5 பேருக்கும் ஒரே மிக்ஸ் கொடுத்தால் பாடகிக்குத் தேவையானது ட்ரம்மருக்கு இடைஞ்சல். குறைந்தது பாடகிக்கும் ட்ரம்மருக்கும் தனி மிக்ஸ் கொடுங்கள். பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 256 சாம்பிளில் 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு வழிக்கு 5 மில்லிசெகண்ட் சொச்சம், போகவர இரண்டு மடங்குக்கு மேல். 1024ல் வைத்துக் கொண்டு மென்பொருள் வழியாகக் கேட்டால் 40 மில்லிசெகண்டைத் தாண்டும், யாராலும் வாசிக்க முடியாது. இன்டர்ஃபேஸுக்குள்ளேயே நேரடியாகக் கேட்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஒரு துணைச் செய்தி: ஹெட்போன் இல்லாமல் 5 மீட்டர் தள்ளி நின்று வாசித்தாலே ட்ரம்ஸ் உங்களுக்கு 15 மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் வரும். அதனால் ஹெட்போன் இல்லாமல் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் ட்ரம்மருக்கு முடிந்தவரை பக்கத்தில் நில்லுங்கள். பேஸ்காரன் எப்போதும் ஹை-ஹாட் பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்பது நட்பால் மட்டும் இல்லை.

லூப்புலவர்

நான் தனியாளாக இசை செய்கிறவன், எனக்கு பேண்டே கிடையாது. ஒன்றாக வாசித்தால்தான் உயிர் வரும் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஸ்டீவி வொண்டர் 1970களில் பல பாட்டுகளுக்கு ட்ரம்ஸையும் சின்த் பேஸையும் கீபோர்டையும் தானே ஒவ்வொன்றாக வாசித்து அடுக்கினார். அந்தப் பாட்டுகளில் உயிர் இல்லை என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

மல்டிட்ராக் என்பதே ஒரு வாத்தியம். ஒருவரே பத்துக் குரலில் பாடுவது, கிட்டாரைத் தலைகீழாக ஓட்டுவது, அறையே இல்லாத ஒலி, இதெல்லாம் எந்த அறையிலும் நின்று வாசிக்க முடியாதது. இதை "திருத்தும் வசதி" என்று மட்டும் பார்ப்பது அநியாயம்.

ஒலித்தச்சன்

லூப்புலவர் சொல்வதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அவர் காட்டிய உதாரணம் நான் சொன்னதற்கும் துணை. ஸ்டீவி வொண்டர் ட்ரம்ஸ் வாசித்தபோது மீதிப் பாட்டு முழுக்க அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பேஸ் என்ன செய்யும், குரல் எங்கே மூச்சு விடும் என்று தெரிந்த கை அது. கேட்பது அங்கேயும் நடந்தது, ஒரே ஆளுக்குள். பேஸ்தம்பியின் ட்ரம்மருக்கு அந்த வசதி கிடையாது. மற்ற நாலு பேர் என்ன செய்வார்கள் என்று அவர் ஊகிக்க வேண்டும்.

அதனால் ட்ராக் ட்ராக்காகப் போவதென்றால் ட்ரம்மருக்குச் செத்த பைலட்டைக் கொடுக்காதீர்கள். உணர்ச்சியோடு பாடிய குரலும் முழு கிட்டாரும் கேட்கட்டும். அந்த ட்ரம்ஸுக்கு மேல் எல்லோரும் புதிதாக வாசித்த பிறகு, முடிந்தால் ட்ரம்ஸையே இன்னொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். அப்போது அவருக்கு எதிர்வினை காட்ட ஏதாவது இருக்கும். இதை ஏனோ யாரும் செய்வதில்லை.

வால்வுராஜா

சரி, சரி. ஆனால் ஒரே மைக்கில் முழு பேண்டையும் பதிந்த ஆல்பம் இருக்கிறதே? கவ்பாய் ஜங்கீஸ், 1987, டொரொன்டோவில் ஒரு தேவாலயம். அதைவிட எளிமையான வழி உண்டா?

கத்தரிக்கோல்

எளிமையா? அந்த மைக் ஒரு கால்ரெக் ஆம்பிசானிக், சுற்றிலும் வரும் ஒலியை எடுப்பது. அந்த தேவாலயத்தின் எதிரொலி ஒரு வாத்தியத்துக்குச் சமம். பாடகியின் குரல் ஸ்பீக்கர் வழியாக அறைக்குள் வந்து, அங்கிருந்து மைக்குக்குப் போனது. யார் எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும் என்று நகர்த்தி நகர்த்திப் பார்த்துத்தான் சமநிலை வந்தது. ஒலித்தச்சன் மேலே சொன்ன பழைய முறைதான்: நாற்காலிதான் ஃபேடர், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டை. அதுவும் அவர்கள் மெல்ல வாசிக்கும் குழு. பேஸ்தம்பியின் கிட்டாரிஸ்டை ஒரே மைக் முன்னால் நிறுத்திப் பாருங்கள்.

பேஸ்தம்பி

அவர் இதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார். சிரிக்கிறார், ஆனால் சத்தத்தைக் குறைக்கவில்லை.

இன்னொரு கேள்வி. ஒன்றாக வாசித்தால் எடிட் செய்யவே முடியாது என்று எங்கள் ட்ரம்மர் பயப்படுகிறார். உண்மையா?

கத்தரிக்கோல்

இல்லை. டேப் காலத்திலேயே பிளேடால் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு டேக்கின் (ஒரு முறை வாசித்துப் பதிந்ததன்) சரணமும் இன்னொரு டேக்கின் பல்லவியும் சேர்ந்து ஒரு பாட்டு ஆனது சாதாரணம். நீங்களும் செய்யலாம், ஒரே நிபந்தனை: எல்லா ட்ராக்கையும் சேர்த்து ஒரே இடத்தில் வெட்ட வேண்டும். கிக் விழும் நொடிக்குச் சற்று முன்னால் வெட்டி, சின்ன க்ராஸ்ஃபேடு (ஒன்று தேய, மற்றது எழும் இணைப்பு) போட்டால் காதுக்குத் தெரியாது. சிம்பல் வால் நீண்டு தொங்கும் இடத்தில் வெட்டினால் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள்.

முடியாதது எதுவென்றால், ஒரு ஸ்நேர் அடியை மட்டும் 20 மில்லிசெகண்ட் நகர்த்துவது. அந்த அடி மற்ற மைக்குகளிலும் இருக்கிறது. ஒன்றை நகர்த்தினால் மற்றவற்றில் பழைய அடி அப்படியே நிற்கும், ஒரு அடி இரண்டாகக் கேட்கும். அதே போல பேஸ் டிஐயில் தப்பு விழுந்தால் பஞ்ச் செய்து, அதாவது அந்த இடத்தை மட்டும் மறுபடி பதிந்து, திருத்தலாம், ஏனென்றால் அது எங்கேயும் கசியவில்லை. கீபோர்டும் அப்படியே. ஆக டிஐயில் இருப்பவர்களுக்கு மன்னிப்பு உண்டு, மைக்கில் இருப்பவர்களுக்குக் கிடையாது. ட்ரம்மரிடம் இதை மென்மையாகச் சொல்லுங்கள்.

ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் முழு டேக் சில இருக்கட்டும், எல்லாம் ஒரே நாளில், ஒரு மைக்கைக்கூட நகர்த்தாமல். மைக் நகர்ந்துவிட்டால் இரண்டு டேக்குகள் ஒட்டாது. அறையே வேறாகக் கேட்கும்.

தாளப்பைத்தியம்

ஒவ்வொரு டேக் முடிந்ததும் ஓடிப்போய்க் கேட்காதீர்கள். நான் பார்த்த வரையில் அங்கேதான் பேண்ட் செத்துப்போகிறது. முதல் டேக் கேட்டதும் ஆளாளுக்குத் தன் தப்பை மட்டும் கேட்பார்கள், அடுத்த டேக்கில் எல்லோரும் ஜாக்கிரதையாக வாசிப்பார்கள். ஜாக்கிரதை டேக்கை யாரும் கேட்க விரும்ப மாட்டார்கள். மைக் சரியா என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். மற்றதை அன்று வாசிக்காத ஒருவர் குறிப்பெழுதிக்கொள்ளட்டும்.

நிர்வாகி

மேடைக் கச்சேரியைப் பதிவது பற்றி இந்த இழையில் வந்த சில பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். ஸ்ப்ளிட்டர், கூட்டத்தின் மைக் போன்ற கேள்விகளை அங்கே கேளுங்கள்.

பேஸ்தம்பி

பதிவு முடிந்தது. என்ன செய்தோம் என்று எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நாலு பாட்டை ஒன்றாக வாசித்துப் பதிந்தோம், பாடகி சின்ன அறையில், மற்றவர்கள் பெரிய அறையில். க்ளிக் முதல் நாலு பாருக்கு மட்டும். ட்ரம்மர் முதலில் முகம் சுளித்தார், இரண்டாவது பாட்டில் தானே அதையும் நிறுத்தச் சொன்னார். ஒரு பாட்டில் கீபோர்டு ஆர்பெஜியேட்டர் (ஸ்வரங்களைத் தானாக வரிசையாக வாசிக்கும் வசதி) முழுக்க ஓடுகிறது, அதை லூப்புலவர் வழியில் ட்ராக் ட்ராக்காகவே கட்டினோம். ட்ரம்ஸை எல்லாம் முடிந்த பிறகு மறுபடி வாசித்ததில் பெரிய மாற்றம் தெரிந்தது. பழைய ட்ரம்ஸில் எல்லா இடத்திலும் ஃபில் (இடைவெளியை நிரப்பும் அலங்கார அடி) இருந்தது. புதியதில் குரல் இருக்கும் இடத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆறாவது பாட்டில்தான் சண்டை. அதுவும் ஒன்றாக வாசித்த டேக்தான், எல்லோருக்கும் பிடித்த டேக். ஆனால் கிட்டாரிஸ்டுக்குத் தன் சோலோ பிடிக்கவில்லை, மாற்றி வாசிக்க வேண்டும் என்கிறார். கிட்டார் ட்ராக்கை ம்யூட் செய்து பார்த்தேன். ட்ரம்ஸ் மேல் மைக்குகளில் பழைய சோலோ மெல்லிதாக, ஆனால் ஸ்பஷ்டமாகக் கேட்கிறது. மெத்தை வைத்தும் இந்த நிலை.

ஒலித்தச்சன்

அது அழியாது, முயற்சி செய்து நேரத்தைக் கெடுக்காதீர்கள். மூன்று வழி. பழைய சோலோவின் வடிவத்தை ஒட்டி, அதே ஸ்வரங்களில் நின்று நகர்ந்து, தப்பான இடங்களை மட்டும் மாற்றி வாசிக்கலாம். பழையது அடியில் நிழலாக ஓடினாலும் புதியதோடு சண்டை போடாது. இல்லையென்றால் சோலோ வரும் பகுதிக்கு மட்டும் வேறு டேக்கின் எல்லா ட்ராக்கையும் வெட்டி ஒட்டுங்கள், அதில் அவர் நன்றாக வாசித்திருந்தால். அதுவும் இல்லையென்றால் சோலோ பார்களில் மேல் மைக்குகளைச் சற்று இறக்கி, கிக், ஸ்நேர் மைக்குகளை நம்பி, புது சோலோவைக் கொஞ்சம் அகலமாக விரித்து வையுங்கள்.

ஆனால் முதலில் ஒன்று செய்யுங்கள். அவரிடம் சொல்லாமல் அந்த சோலோவை உங்கள் அக்காவுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

பேஸ்தம்பி

போட்டுக் காட்டினேன். அக்கா கேட்டது: "இதில் சோலோ எங்கே வருகிறது?" பாட்டோடு பாட்டாகப் போய்விட்டதாம்.

இதைப் பாராட்டாகச் சொல்வதா, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கிட்டாரிஸ்ட் வேறு டேக்குகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த எட்டு பாருக்கு ஒன்றாவது தேறினால் கத்தரிக்கோல் சொன்னபடி கிக்குக்கு முன்னால் வெட்டப் போகிறேன்.

கத்தரிக்கோல்

வெட்டும் முன் அசலை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கிக்குக்கு முந்தைய பாரில் அவர் க்ராஷ் அடித்திருக்கிறாரா என்று பாருங்கள். அடித்திருந்தால் ஒரு பார் முன்னால் போய் வெட்டுங்கள்.